துண்டை விலக்கு!

தோழனே!

மணப்பாறை மாட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறாயா? காளைகள் வரிசை வரிசையாய்க் கட்டப்பட்டிருக்கும். கழுத்து மணிகள் கலகலக்கும். விற்க வந்த உழவர் ஒரு பக்கம்; வாங்க வந்த உழவர் மறு பக்கம்; இடையிலே தரகர். பேச்சு முற்றும் வேளையில், தரகரின் தோளிலே கிடந்த துண்டு கைக்கு இறங்கும். அதன் மறைவிலே விரல்கள் பேசத் தொடங்கும். வாய் பேசாது, கண் பேசாது, விரல் மட்டும் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, மற்றொரு விரலையும் சேர்த்துப் பிடித்தால் இன்னொரு தொகை. சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் விலை தெரியாது. விற்றவருக்குத் தரகர் சொன்னது விற்றவருக்குத் தெரியும். வாங்கியவருக்குத் தரகர் சொன்னது வாங்கியவருக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுதானா என்பது அந்தத் துண்டுக்கு மட்டுமே தெரியும்!

காளையோடு அந்தத் துண்டு நின்றிருந்தால் நான் இன்று எழுதுகோல் எடுத்திருக்க மாட்டேன். அது சந்தையை விட்டு எழுந்து, சாலையைக் கடந்து, ஊருக்குள் நுழைந்து, வயலின் மீதும் மனையின் மீதும் வீட்டின் மீதும் விரிந்து கிடக்கிறது. அதைக் கண்ணால் கண்டேன், தோழனே, அரிமளத்திலே கண்டேன்!

புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டத்தில் உள்ள பேரூர் அரிமளம். தைலமரக் காடுகளைக் கடந்து போனால், தெருவை அடைத்து நிற்கும் நகரத்தார் மாளிகைகளும், அவற்றின் நிழலில் ஓட்டு வீடுகளும் வரவேற்கும். அங்கே ஒரு பொதுக்கூட்டம். நிலவுரிமை பற்றி நெடுநேரம் பேசினேன். "மண் உழைப்பவனுக்கு மானம்!" என்றேன். கைதட்டினார்கள். மாலை விழுந்தது. தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உறங்கி, விடியலில் எழுந்தபோது, எதிரே ஒரு மூதாட்டி வந்து நின்றார்.

"தம்பி, நேற்று நீ பேசியதைக் கேட்டேன். நன்றாகத்தான் பேசினாய். என் மண்ணின் கதையையும் கேட்டுவிட்டுப் போ" என்றார்.

கேட்டேன். பேத்தியைச் செவிலியர் படிப்பில் சேர்க்க, தம்மிடம் இருந்த 40 சென்டு நிலத்தை அவர் விற்றிருக்கிறார். கைக்கு வந்தது 4 இலட்சம். அதில் தரகு நூற்றுக்கு இரண்டு வீதம் 8,000 கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து, வாங்கியவர் அந்த நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். வாங்கியவர் பேச்சுவாக்கில், "ஐந்தரை இலட்சம் கொடுத்து வாங்கிய மண், ஆத்தா, தண்ணீராவது வரவேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். மூதாட்டிக்குத் தலை சுற்றியது. பத்திரத்தைப் புரட்டினால் அதிலே அரசின் வழிகாட்டி மதிப்பு. அது இரண்டு தொகையைவிடவும் குறைவு!

நாடகம் எழுதுகிறவன் நான். மூதாட்டி சொன்னதையும், வாங்கியவர் பிறகு என்னிடம் சொன்னதையும் ஒன்றாய் வைத்துப் பார்த்தபோது, கற்பனை எதுவும் கலக்காமலே ஒரு காட்சி எழுந்தது. படித்துப் பார்.

(மூதாட்டியின் திண்ணை. உச்சி வெயில்.)

தரகர்: ஆத்தா, விலை படிந்துவிட்டது. நான்கு இலட்சம்!

மூதாட்டி: ஐந்து வரும் என்றார்களே, தம்பி?

தரகர்: காலம் கெட்டுக் கிடக்கிறது, ஆத்தா. வாங்குகிறவர் மூன்றரைக்கு மேல் அசையவே இல்லை. நான்தான் மல்லுக்கு நின்று ஏற்றினேன். நான் உங்கள் ஆள் அல்லவா!

(அதே நாள். வாங்குபவர் வீடு. விளக்கு வைக்கும் நேரம்.)

தரகர்: ஐயா, அந்த அம்மாள் ஆறுக்குக் கீழே இறங்கவே இல்லை. மன்றாடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தேன்.

வாங்குபவர்: பெரிய உதவி, தம்பி.

தரகர்: உதவி என்ன ஐயா! நான் உங்கள் ஆள் அல்லவா!

திரை விழுந்தது. மூதாட்டிக்குக் குறைந்ததும், வாங்கியவருக்கு ஏறியதும் எங்கே போயின? கணக்குப் போடு, தோழனே. இடையில் மறைந்தது 1,50,000. மூதாட்டி தந்த தரகு 8,000. வாங்கியவர் தந்த தரகு 11,000. ஆக 1,69,000! மேடையில் நாம் கண்ட தரகர் ஒருவர்தான். திரைக்குப் பின்னால் மூவர். நிலம் இருப்பதைச் சொன்னவர் ஒருவர், வாங்குபவரைக் காட்டியவர் ஒருவர், அவரை அறிமுகம் செய்தவர் இன்னொருவர். மூதாட்டி அறிந்தது ஒரு முகம். அவருடைய மண்ணைத் தின்றவை நான்கு வாய்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் கேட்டாரே ஒரு கேள்வி, அதுதான் என்னைச் சுட்டது. "அந்த நாலு பேரில் ஒருவன் உன் கரைவேட்டி கட்டியவன்தானே, தம்பி? நேற்று உனக்கு மாலை போட்டானே, அவன்தானே?"

மாலை என் பையில் இருந்தது. வாடியிருந்தது பூ மட்டுமல்ல!

தோழனே, தரகுத் தொழிலை இழிவென்று சொல்ல நான் வரவில்லை. வெயிலில் அலைகிறவர் தரகர். பட்டா யார் பேரில் இருக்கிறது, வில்லங்கம் உண்டா, பாதை உண்டா என்று பார்க்கிறவர் தரகர். பேசாத பங்காளிகளைப் பேச வைக்கிறவரும் அவரே. உழைப்புக்குக் கூலி வேண்டும் என்று கொடி பிடித்த நாம், அவர் கூலியைப் பறிக்கச் சொல்வோமா? மாட்டோம். கூலி குற்றமன்று. மறைப்பே குற்றம். ஒருவருக்கு ஆளாக இருப்பது தொழில். இருவருக்கும் ஆளாக இருந்து, இருவரிடமும் அதை மறைப்பது வஞ்சகம்.

"நான் நடுவில் நிற்பவன், நடுநிலையாளன்" என்பார் சிலர். நடுவில் நிற்பவனெல்லாம் நடுநிலையாளன் ஆகிவிடுவானா? வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, அதில் வாணிகரையும் நினைவில் வைத்தாரே, அந்த நடுவு வேறு. தராசு முள்ளும் நடுவில்தான் நிற்கிறது, தட்டில் எள்ளளவும் எடுப்பதில்லை. அப்பத்தைப் பங்கிட்ட குரங்கும் நடுவில்தான் நின்றது. பூனைகள் பசியோடு போயின!

சங்க காலத்திலே அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது சென்றார். பின்னாளில் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் அல்லர். அவர்களுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர். அந்த அவையில் நின்ற ஔவை யாருடைய தூதர் என்பது தொண்டைமானுக்குத் தெரியும், அவன் படைக்கலக் கொட்டிலைக் காத்தவனுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. யாருக்காகப் பேசுகிறேன் என்பதை மறைத்திருந்தால் அதற்குப் பெயர் தூது அன்று, ஒற்று!

இன்னும் அருகில் வா. அரிமளத்தின் அந்த மாளிகைகளைக் கட்டியது எது? கடல் கடந்த வாணிகம். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை; முதலாளி இங்கே, அவருடைய ஏஜெண்டு அங்கே. வழக்கமாக மூன்றாண்டுக் கெடு. கையில் அதிகாரப் பத்திரம். பேரேட்டில் வரவு செலவு. ஊருக்கு ஒழுங்காக வந்து சேரும் ஐந்தொகை. அந்த வட்டித் தொழிலுக்கு நான் வாழ்த்துப் பாடவில்லை. 1930-களின் பொருளாதார நெருக்கடியிலே பர்மிய உழவரின் நெல் வயல்கள் கடனுக்கு ஈடாய்க் கைமாறிய கண்ணீர்க் கதையை நான் அறிவேன். ஆனாலும் ஒன்றைக் கவனி. ஏஜெண்டு என்பவன் யாருக்கு ஆள், எதுவரை அதிகாரம், எவ்வளவு கூலி என்ற மூன்றையும் எழுத்தில் வைத்து, கப்பல் ஏறிய மண் இது! அதே மண்ணில், அதே மாளிகை விலைக்கு வரும்போது என்ன நடக்கிறது? பங்காளிகள் சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், அயலூரில் இருவர். ஆளுக்கொரு தரகர், தரகருக்கொரு துணைத் தரகர். தேக்குத் தூணுக்கு ஒரு விலை, கதவு நிலைக்கு ஒரு விலை, மனைக்கு ஒரு விலை. எத்தனை பேர் நடுவில் நிற்கிறார்கள் என்பது எந்தப் பங்காளிக்கும் தெரிவதில்லை. தாத்தா எழுதிய ஐந்தொகை எங்கே? பேரன் ஏமாந்த துண்டு எங்கே?

"இதற்குச் சட்டம் இல்லையா?" என்று கேட்பாய். உண்டு, தோழனே. இன்று நேற்று வந்ததன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். முகவரைப் பற்றி அது சொல்வதைக் கேள். தானே செய்வதாக ஏற்ற வேலையை, தொழில் வழக்கமோ வேலையின் தன்மையோ இடம் தந்தாலன்றி, முகவர் பிறர் கையில் ஒப்படைக்கக் கூடாது என்கிறது 190-ஆம் பிரிவு. கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213. விற்கச் சொன்ன நிலத்தை முகவரே வேறொருவர் பெயரில் வாங்கிக்கொண்டு முக்கிய உண்மையை மறைத்தாலோ, அதனால் உரியவருக்குக் கேடு விளைந்தாலோ, அந்த விற்பனையை உரியவர் மறுக்கலாம் என்கிறது 215. உரியவருக்குத் தெரியாமல், அவருடைய வேலையிலேயே தனக்கென்று வாணிகம் நடத்தி முகவர் அடைந்த ஆதாயத்தை உரியவர் கேட்டுப் பெறலாம் என்கிறது 216. முறைகேடு செய்த பகுதி வேலைக்குக் கூலியே கிடையாது என்கிறது 220. ஒன்றரை நூற்றாண்டாய் ஏட்டில் இருக்கிறது! ஏடு அலமாரியில் இருக்கிறது. அலமாரி அலுவலகத்தில் இருக்கிறது. மூதாட்டி திண்ணையில் இருக்கிறார்!

வழக்கு மன்றம் போனாலும், தரகர் ஒன்றைச் சொல்லித் தப்பப் பார்ப்பார். "நான் யாருக்கும் முகவன் அல்லன். இருவரையும் அறிமுகம் செய்தேன், அவ்வளவே." திண்ணையிலே "உங்கள் ஆள்", நீதிமன்றத்திலே "யாருடைய ஆளும் அல்லன்"! இதற்குத்தான் முதல் நாளே எழுத்து வேண்டும் என்கிறேன். கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார். விற்றவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும். சாட்சிகள் பெயர் இருக்கும், எழுதிய பத்திர எழுத்தர் பெயரும் இருக்கும். விலையைத் தீர்மானித்த தரகர் பெயரை அதில் எழுதுகிற வழக்கம் மட்டும் இல்லை. நிலத்தைக் கைமாற்றிய கைக்கு அந்தத் தாளில் இரேகை இல்லை!

2016-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டு விதிகள் 2017-இல் வந்தன. மனை விற்பனை முகவர் பதிவு செய்ய வேண்டும், கணக்கு ஏடு வைக்க வேண்டும், முறையற்ற வணிகம் செய்யக் கூடாது என்று 9, 10 பிரிவுகள் பேசுகின்றன. பதிவில்லாமல் தரகு செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம் என்கிறது 62-ஆம் பிரிவு. வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சட்டம் பார்ப்பது எதை? புதிதாய்ப் போடும் மனைப்பிரிவுகளை, புதிதாய் எழும் அடுக்கு மாடிகளை. மூதாட்டியின் 40 சென்டு வயல் அதற்குள் வராது. பங்காளிகளின் பழைய மாளிகை அதற்குள் வராது. அதற்குள் வருகிற முகவருக்கும்கூட, "நீ யாருடைய ஆள் என்பதை எழுதிக் கொடு" என்ற கட்டளையை 10-ஆம் பிரிவு வெளிப்படையாய்ச் சொல்லவில்லை. பட்டணத்து வாசலில் காவல் நிற்கிறது. பட்டிக்காட்டு வாசல் திறந்து கிடக்கிறது!

கடல் கடந்து பார்ப்போமா? புதுக்கோட்டைச் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர்கள் நிறைந்த சிங்கப்பூரையே எடுத்துக்கொள். 2010-இல் அங்கே சொத்து முகவர்களுக்கென்று சட்டம் வந்தது. ஒரே விற்பனையில் ஒரே முகவர் இருபுறமும் ஆளாக இருப்பதற்குத் தடை. முகவர் பெயரைப் பொதுப் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம். அங்கே கட்டடம் கட்டுகிற நம் ஊர்த் தம்பி, அந்த நாட்டில் ஒரு வீடு கைமாறினால் யார் யாருக்கு ஆள் என்று அறியலாம். அவன் அனுப்பிய பணத்தில் அரிமளத்தில் அவன் தாய் ஒரு மனை வாங்கினால், எத்தனை கைகள் நடுவில் நின்றன என்று அறிய முடியாது! கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2018-இல் இருபுற முகமையைத் தடை செய்தது. முகவர் கிடைப்பது அரிதான தொலைதூரப் பகுதிகளுக்கு மட்டும் குறுகிய விலக்கு வைத்தது. அமெரிக்காவில் வீட்டுத் தரகர் சங்கம் ஒரு பெரு வழக்கில் 418 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டு முதல், வாங்குபவரோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்ட பின்பே வீடு காட்டுவது என்று விதியை மாற்றியது. உலகம் துண்டை விலக்கிக்கொண்டிருக்கிறது. நாம் இன்னும் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்!

"சிற்றூரில் இதெல்லாம் நடக்குமா? ஒரே தரகர்தான் இருப்பார், இருபுறமும் அவர்தான் பேசியாக வேண்டும்" என்று நீ சொல்லலாம். சொல், ஒப்புக்கொள்கிறேன். இருபுறமும் ஒருவரே பேசட்டும். ஆனால் இருவரும் அதை அறிந்து இசையட்டும். இசைந்த பிறகு அவர் ஒருவர் சொல்லை மற்றவரிடம் சேர்க்கலாம். ஒருவரிடம் "இறங்கு" என்றும் மற்றவரிடம் "ஏறு" என்றும் அறிவுரை கூறலாகாது. விலை ஒன்றே. அது இருவர் காதிலும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் விழ வேண்டும். விற்பவருக்கும் கடமை உண்டு. ஒரே மனையை ஐந்து தரகரிடம் ஐந்து விலைக்குச் சொல்லி வைத்துவிட்டு, பிறகு ஏமாந்தேன் என்று அழலாகாது.

ஆகவே மூன்று கேள்விகளை மனத்தில் எழுது. முன்பணம் கைமாறுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்.

யாருக்கு ஆள்?

எத்தனை ஆள்?

யாரிடம் எவ்வளவு?

ஒரு முழுத்தாள் போதும். தரகர்கள் அத்தனை பேரின் பெயர், யார் எந்தப் பக்கம், யாருக்கு எவ்வளவு தரகு, இறுதி விலை எவ்வளவு. விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் அமர்ந்து கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி இரேகை வாங்கட்டும். பணம் வாங்குபவர் வங்கிக் கணக்கிலிருந்து விற்பவர் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும். உண்மை விலையே பத்திரத்தில் ஏறட்டும். இதற்கு வழக்கறிஞர் வேண்டாம், பட்டணத்துப் பயணம் வேண்டாம். படித்த பிள்ளை ஒருவன் போதும். அந்தப் பிள்ளையாக நீ இரு. பழைய வீடும் வயலும் விற்கும் தரகருக்கும் இந்த அறிவிப்பைச் சட்டம் ஆக்கு என்று ஆட்சியில் இருப்போரிடம் கேட்போம், யார் ஆட்சியில் இருந்தாலும் கேட்போம். ஆனால் சட்டம் வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இனி உன்னோடு, உன் ஒருவனோடு மட்டும் பேச வேண்டியது ஒன்று. நம் தோழர்களில் பலர் இடையிடையே தரகு செய்கிறார்கள். கழனி காய்ந்தால், கடை சாய்ந்தால், கையில் காசில்லாவிட்டால் வேறென்ன செய்வார்கள்? தவறில்லை. ஆனால் ஓர் ஏழைத் தாய் தன் பத்திரத்தை உன் கையில் தருகிறாளே, எதை நம்பித் தருகிறாள்? உன் முகத்தையா? உன் தோளில் கிடக்கும் துண்டை நம்பி! அந்த நம்பிக்கை உன் தனிச் சொத்து அன்று. தொண்டை வறளப் பேசியவர்கள், பசை வாளி சுமந்து சுவரொட்டி ஒட்டியவர்கள், சிறைக்குப் போனவர்கள் சேர்த்து வைத்த பொதுச் சொத்து. அதை 42,250 ரூபாய்ப் பங்குக்கு ஈடு வைக்க உனக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் யார்? காலையில் நம் மேடையிலும் மாலையில் எதிரணி மேடையிலும் நான் பேசினால் எனக்கு மாலை போடுவாயா? கல்லால் அடிப்பாய்! திண்ணையும் மேடைதான், தோழனே. அங்கே ஒரு கிழவிதான் கூட்டம், ஆனாலும் மேடைதான்.

ஒரு காலம் இருந்தது. தோளில் துண்டு போட நம் பாட்டன்மாருக்கு உரிமை இல்லை. ஆண்டையின் முன் அதை எடுத்து இடுப்பில் கட்டினார்கள், கக்கத்தில் இடுக்கினார்கள். அதைத் தோளுக்கு ஏற்றியது தன்மான உணர்ச்சி. தோளுக்கு ஏறிய துண்டை, ஒரு தாயின் விலையை மறைக்கக் கைக்கு இறக்கலாமா?

அந்தக் கரைவேட்டித் தோழரை அன்றே அழைத்துக் கேட்டேன். "ஊர் வழக்கம்தானே, அண்ணே" என்றார். பிறகு தலை குனிந்தார். "மற்ற மூவரில் ஒருவர் பெயர் எனக்கே தெரியாது" என்றார். தரகருக்கே தெரியாத தரகர்! மூதாட்டியின் திண்ணைக்கு அழைத்துப் போனேன். அவர் அறிந்த அளவு கணக்கை வாய்விட்டுச் சொன்னார். மூதாட்டி பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "கணக்குச் சரி, காசு எப்போது?" என்றார். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. அந்தத் தோழரின் பங்கில் முதல் தவணை மூதாட்டிக்கு வந்துவிட்டது. மற்றவர்களிடம் கணக்குக் கேட்டு மடல் போயிருக்கிறது. அதை எழுதியது அந்தத் தோழரின் கை.

நீயும் உன் ஊரில் அந்த முழுத்தாளை எடு. யாருக்கு ஆள், எத்தனை ஆள், யாரிடம் எவ்வளவு என்று கேள். நீயே தரகனானால், கேட்கும் முன்பே சொல்.

துண்டை விலக்கு, தோழனே! அது தோளில் இருக்கட்டும்.

அன்புத் தோழன்.